நாத்தனார் வைத்த புல்

முழங்கை வரைக்கும் கழுவுவார். சோப்பு போடமாட்டார். வெறும் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி, நகக்கண்ணில் பழைய பிரஷ்ஷை ஓட்டி, துண்டில் துடைக்காமல், இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி கூடத்துக்குள் வருவார். முழங்கையில் ஈரம் சொட்டும். "வழி விடுங்கப்பா, டாக்டரம்மா ஆபரேஷனுக்கு வர்றாங்க" என்பார் கணவர். வழியில் நீட்டிக் கிடப்பது அவருடைய கால்தான். அதை மடக்கமாட்டார். தாண்டித்தான் போகவேண்டும்.

தாண்டிப் போய் நிற்பது தொட்டியின் முன்னால். மற்றவர்கள் வீட்டில் டி.வி. இருக்கும் சுவரில் இவர்கள் வீட்டில் கடல் இருக்கிறது. ஓர் ஆள் காலை மடக்காமல் படுக்கலாம், அவ்வளவு நீளக் கண்ணாடித் தொட்டி. டி.வி. படுக்கையறைக்கு ஒதுங்கி நெடுநாளாயிற்று. தொட்டி விளக்கின் நீலம் சோபாவில், சுவர்க் கடிகாரத்தில், கணவரின் வழுக்கையில் எல்லாம் பூசிக் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "மீன் வளர்க்கிறீங்களா?"

"மீனும் இருக்கு" என்பார்.

தெருவில் அவருக்குப் பல்லுக்காரம்மா என்று பெயர். டென்டல் லேப்பில் வேலை. பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, ராவி, மெருகேற்றிக் கொடுக்கவேண்டும். வீட்டுக்கு வரும்போது புருவத்தில் வெள்ளைத் தூள் இருக்கும். மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்காது. பல் நிற்கும். "அந்த மேல்வரிசையில சந்து விட்டவரு இருக்காரே, அவரு பொண்ணுக்குக் கல்யாணமாம்" என்று சொல்வார். யார் என்று கணவர் மூளையைக் கசக்கிக்கொண்டிருப்பார். எதிரே நின்று பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் உதட்டுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பதால், சிலர் பேச்சின் நடுவில் வாயைத் துடைத்துக்கொள்வார்கள்.

தொட்டியும் பல் வழியாகத்தான் வந்தது. கிளினிக்கை மூடிவிட்டுப் போன ஒரு டாக்டர், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் வைத்திருந்த தொட்டியை, "எடுத்துட்டுப் போறியாம்மா, உடைக்க மனசு வரலை" என்று கொடுத்தார். அதில் அப்போது மிச்சமிருந்தது உப்புத்தண்ணீரும் ஒரு நத்தையும். பவளம் வளர்க்கலாம் என்று யாரோ சொல்ல, வாங்கி, சாகடித்து, மறுபடி வாங்கி, மறுபடி சாகடித்து, கற்றுக்கொண்டார். பவளம் என்றதும் மோதிரக்கல்லை நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அவர் வைத்திருக்கும் விளக்கம் இதுதான்: "கல்லும் இல்ல, செடியும் இல்ல. உயிருள்ள ஜீவன். உடம்பு பூரா வாய். ஆனா பல்லு கிடையாது. எனக்கு வேலை வைக்காத ஒரே வாய் இதுதான்."

வேலையிடத்துக் கருவிகளெல்லாம் தொட்டிக்கும் ஆகும். வளைந்த கொக்கி, மெழுகு வெட்டும் கத்தி, நீண்ட காம்பின் நுனியில் பொட்டு மாதிரி கண்ணாடி வைத்த, டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் குச்சி. அதைப் பாறைக்குப் பின்னால் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஆ காட்டு, ஆ காட்டு" என்று பாறையிடம் சொல்வது அவருக்கே தெரியாது.

தொட்டியில் அவருக்கு உயிர் என்றால் அது சுத்தியல் பவளம்தான். கல் போன்ற காம்பு, அதன் உச்சியில் சதையாலான விரல்கள், ஒவ்வொரு விரலின் நுனியும் குட்டிச் சுத்தியல் மாதிரி குறுக்கே அகன்றிருக்கும். தண்ணீர் ஓடும் பக்கமெல்லாம் அத்தனையும் ஒன்றாகச் சாய்ந்து நிமிரும். வந்தபோது ஒரே தலை. இன்று கிளை விட்டு ஒரு கொத்தாக நிற்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் "அது". சுத்தியலுக்கு மட்டும் "அவன்". "இன்னைக்கு அவன் நல்லா விரிஞ்சிருக்கான்" என்றால் அன்றைய இரவுச் சாப்பாடு ருசியாக இருக்கும் என்பது கணவரின் கணக்கு.

இந்தச் சுத்தியல் இன்று இருப்பதே ஒரு தற்செயல். அதைச் சொல்ல நாத்தனாரைச் சொல்லவேண்டும்.

நாத்தனார் கணவரின் அக்கா. பெரிய ஹோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் பார்க்கும் மேற்பார்வையாளர். கதவு நிலையின் மேல்விளிம்பில் விரலை ஓட்டி, அந்த விரலை வேலைக்காரப் பெண்ணின் கண்ணுக்கு நேரே நீட்டிக் காட்டும் உத்தியோகம். வேலை நேரம் முடிந்தும் விரல் ஓயாது. தம்பி வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜின் தலைமேல் ஓடும். நல்ல மனுஷி. யாருக்கு உடம்புக்கு என்றாலும் முதலில் வந்து நிற்பவர். வந்ததும் முதலில் பாத்ரூமைக் கழுவுபவர்.

மகளின் பிரசவத்துக்காகப் பல்லுக்காரம்மாவும் கணவரும் வெளியூர் போயிருந்தபோது, வீட்டையும் மீனையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி, அவ்வளவுதான் சொல்லிவிட்டுப் போனது. நாத்தனார் தீனி போட்டார். போட்டபோது பாறைகளைப் பார்த்தார். கரியும் பாசியுமாக, ஓட்டையும் ஒடுக்குமாக, மேலே ஏதேதோ கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. பாவம், வேலைக்குப் போகிற பெண், கழுவ நேரமில்லை போலும் என்று நினைத்தார். மீன்களை ஒரு குண்டானுக்கு மாற்றினார். பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பாத்திரம் தேய்க்கும் நாரும் சோப்பும் போட்டு, வெள்ளை வெளேரென்று வரும்வரை தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, அடுக்கி வைத்தார். கண்ணாடியையும் உள்ளே வெளியே துடைத்தார். ஒரு மூலையில் மட்டும், பின்பக்கம், கை எட்டவில்லை. விட்டுவிட்டார்.

பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கதவைத் திறந்ததும் தொட்டி பளிச்சென்று இருந்தது. குளியலறைத் தரை மாதிரி. நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், பாராட்டுக்காக.

பல்லுக்காரம்மா அன்று என்ன பேசினார் என்பதை அவர் சொல்வதில்லை. கணவரும் சொல்வதில்லை. "ரெண்டு பேருமே நல்லாப் பேசினாங்க" என்று மட்டும் சொல்வார். நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு போனவர், வருஷக்கணக்கில் அந்தப் படி ஏறவில்லை. கழுவிய பாறைகளில் இருந்த பவளம் ஒன்றும் பிழைக்கவில்லை. கை எட்டாத அந்த மூலையில், சுருங்கிப் போய், சுத்தியல் மட்டும் கிடந்தது. அதை எடுத்து நடுவில் நட்டுத்தான் மறுபடி தொடங்கினார்.

பேச்சு இல்லாத காலத்தில் ஒருநாள் லேப் மேசைக்கு ஒரு அச்சு வந்தது. சீட்டில் பெயர் இல்லை. டாக்டரின் குறிப்பு எண் மட்டும். பிளாஸ்டரை ஊற்றிப் பிரித்ததும் பல்லுக்காரம்மா கையை எடுத்துவிட்டார். கீழ்வரிசையில் ஒரு பல் மற்றொன்றின் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஜோடியை அவர் எத்தனை பந்தியில் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். வேறு ஆளிடம் தள்ளிவிட்டிருக்கலாம். தானே செய்தார். மேலே போடவேண்டிய பல்லுக்கு நிறம் சரியில்லை என்று மூன்று தடவை மாற்றினார். வீட்டுக்கு வந்து கணவரிடம், "உங்க அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லு போச்சு" என்றார். "எப்படித் தெரியும்?" என்று கேட்டவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

போட்ட பல் உறுத்தவே இல்லையாம். யார் செய்தது என்று நாத்தனார் டாக்டரிடம் கேட்டிருக்கிறார். டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டி, உள்ளே கால் வைக்காமல், தண்ணீர் நிறைத்த பிளாஸ்டிக் பையை நீட்டினார். பைக்குள் ஒரு சின்னக் கல். கல்லின் மேல் ஊதா நிறத் தோல். தோலில் பச்சை பச்சையாக, புல் முளைத்த மாதிரி.

"இந்தாம்மா. கடைக்காரன்கிட்ட எது சாகாதோ அதைக் குடுன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். நான் கை வச்சாலும் சாகாதாம்."

பார்த்த உடனேயே பல்லுக்காரம்மாவுக்கு அது என்ன என்று தெரியும். அவரைப்போல் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பாய் விரித்த மாதிரி பரவி, முன்னால் இருக்கும் எதையும் மூடிக்கொண்டு போகும் பவள ஜாதி. வைப்பதானால் மணலில் தனியாக ஒரு கல்லைப் போட்டு, தீவு மாதிரி, அதன்மேல் வைக்கவேண்டும். "உள்ள வாங்க அண்ணி" என்றார். நாத்தனார் வந்து, தொட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, விரலை மட்டும் நீட்டி, "நடுவுல வையேன். பார்த்தா தெரியணும்ல" என்றார். பல்லுக்காரம்மா நடுப்பாறையில், சுத்தியலுக்குக் கொஞ்சம் கீழே, பசை போட்டு ஒட்டினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, மூலையில் வைக்கிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அதிலிருந்து ஞாயிறு தவறாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எம் புல்லு எப்படி இருக்கு?" என்பார் நாத்தனார். புல் நன்றாகத்தான் இருந்தது. முதலில் நெற்றிப் பொட்டளவு, பிறகு உள்ளங்கை, பிறகு சாப்பாட்டுத் தட்டு. ஓட்டம் வரும்போது அத்தனை பச்சையும் அலை அலையாகச் சாயும். நாத்தனார் போனில் படம் எடுத்து ஹோட்டலில் எல்லோரிடமும் காட்டுவார். "எங்க தம்பி வீட்டுல. நான் வச்சது." ஒரு தடவை, யாரும் கேட்காமலே, தொட்டியைப் பார்த்தபடி, "நான் வச்சதும் வளருது பாரேன்" என்றார். பல்லுக்காரம்மா, "அழகா இருக்கு அண்ணி" என்றார். அந்தக் கழுவல் நாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை எடுத்ததில்லை. பேசாமல் இருப்பதே ராசி என்று வைத்துக்கொண்டார்கள்.

புல் சுத்தியலின் பக்கம் திரும்பியபோதுதான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். நாத்தனாருக்குத் தெரியாமல் ஓரத்தை மட்டும் வெட்டிக்கொண்டே வந்தால் போதும் என்று நினைத்தார். சனிக்கிழமை சாயங்காலம், கையைக் கழுவிக்கொண்டு, மெழுகுக் கத்தியால் விளிம்பை நறுக்குவார். அத்தனை அழகாக நறுக்குவார். கீழ் ஈறு மாதிரி வளைவாக, மழமழவென்று. அலை மோட்டாரை நிறுத்தமாட்டார்; நிறுத்தினால் மீன் பயப்படும் என்று ஒரு எண்ணம். நறுக்கிய தூளை மோட்டார் அள்ளிக்கொண்டு போய்த் தொட்டி முழுக்கத் தூவியது. பல்லை ராவினால் தூள் தூளாகவே கிடக்கும். இது ஒட்டிக்கொண்டது. விழுந்த இடமெல்லாம் ஒரு புல். பின் கண்ணாடியில், மோட்டாரின் மூக்கில், வடிகால் சல்லடையில். நத்தையின் முதுகிலும் ஒரு திட்டு.

"நத்தையைப் பாரு, சொந்தத் தோட்டத்தைத் தூக்கிக்கிட்டே நடக்குது" என்றார் கணவர்.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. சுத்தியல் காம்புல ஏறிடுச்சு."

"அக்காகிட்ட சொல்லிடு."

"உங்க அக்காதானே. நீங்க சொல்லுங்க."

"நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளியில எடுக்கத் தெரியும். நானே போய் மாட்டிக்கிறது எனக்கு வராது."

"போன தடவை வருஷக்கணக்குல பேசலை. இந்தத் தடவை அவங்க வச்சதையே நான் பிடுங்கி எறிஞ்சா?"

கணவர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். அதுவே பெரிய விஷயம்.

சுத்தியலின் சதையைப் புல் தொட முடியாது, தொட்டால் சொறிமீன் மாதிரி சுடும். காம்புதான் ஏமாந்தது. அது வெறும் கல், அதற்குச் சுடத் தெரியாது. காம்பைச் சுற்றிச் சுற்றி ஊதாத் தோல் ஏறி, சதை தொடங்கும் கழுத்துக்கு வந்து, அங்கே நின்று நெருக்கியது. கொத்தில் பாதி தலைகள் விரிவதை நிறுத்தின. காம்பை நறுக்கி மேல்பாதியைக் காப்பாற்றலாமென்றால், நறுக்குவதற்குக் காம்பே மிச்சமில்லை. சதையில் வெட்டுப் பட்டால் அழுகிவிடும். வெளியே எடுத்துப் பிய்க்கவேண்டும். அதையும் சீக்கிரம் செய்யவேண்டும்.

நாத்தனார் வரும் நாளுக்கு முந்தின நாள் என்று ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். கூடத்தில் பழைய செய்தித்தாளைப் பரப்பி, அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் கடல்தண்ணீரை நிரப்பி, நடுப்பாறையைக் கணவரும் அவருமாக, கையுறை போட்டுக்கொண்டு, இரட்டைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி இறக்கினார்கள். இந்த முறை மோட்டார், வடிகால் எல்லாம் நிறுத்தியாயிற்று. கண்ணில் லேப்பின் உருப்பெருக்கிக் கண்ணாடி. கொக்கியை ஊதாத் தோலின் விளிம்புக்குள் நுழைத்து நெம்பினால், சில இடத்தில் ரப்பர் விரிப்பு மாதிரி உரிந்து வந்தது. பாறையின் ஓட்டைகளுக்குள் போனதை மட்டும் துளித்துளியாகத் தோண்டவேண்டியிருந்தது. தண்ணீர் கலங்கக் கலங்க கணவர் பக்கெட்டில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினார். அதனால் வாசல் கதவு திறந்தே கிடந்தது.

"நாளைக்கு டூட்டி மாத்திட்டாங்க, அதான் இன்னைக்கே..." என்றபடி உள்ளே வந்த நாத்தனார், செருப்போடு நின்றுவிட்டார்.

"என்ன இது?"

"அக்கா, டீ போடட்டுமா?" என்றார் கணவர், கையில் காலிப் பக்கெட்டோடு.

"என்ன இதுன்னு கேட்டேன்."

"கல்லைக் கொஞ்சம் சுத்தம் பண்றோம் அண்ணி."

"சுத்தம்." நாத்தனார் அந்தச் சொல்லை வாயில் ஒரு சுற்று உருட்டினார். "சுத்தம்னா என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. நான்தான் அதுல பேர் வாங்கினவளாச்சே."

செய்தித்தாளின் மேல் உரித்துப் போட்டவை குவிந்திருந்தன. பச்சையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, நனைந்த ஊதாத் துணிக் கிழிசல் மாதிரி இருந்தன. நாத்தனார் குனிந்து பார்த்தார்.

"இது என்னோடதுதானே?"

"ஆமா அண்ணி."

"செத்துடுச்சா?"

"இல்ல. நான்தான் பிய்க்கிறேன்." பல்லுக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். "எல்லாத்தையும் மூடிக்கிட்டு வருது. இந்தக் காம்புல ஏறிடுச்சு. விட்டா அவன் போயிடுவான்."

"இத்தனை நாளா எம் புல்லு எம் புல்லுன்னு வந்து உட்கார்ந்தேனே. ஒரு வார்த்தை சொன்னியா? அழகா இருக்கு அண்ணி, அழகா இருக்கு அண்ணின்னு தலையைத் தலையை ஆட்டின."

"எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்றது. ஊருக்கெல்லாம் வாயைச் சரி பண்ணிக் குடுக்கிற. உனக்கு ஒண்ணு இல்லையா?"

"நீங்களே கேட்டு வாங்கிட்டு வந்தது. சாகாததா பார்த்து..."

"ஆமா, சாகாததாத்தான் கேட்டேன். நல்லதுன்னு நினைச்சேன்." குரல் உடைகிற இடத்துக்கு வந்து, கோபமாகத் திரும்பிக்கொண்டது. "நான் தேச்சாலும் தப்பு, நட்டாலும் தப்பு. இந்த வீட்டுக்கும் எனக்கும் ஆகாது. விடு."

"அக்கா, இருக்கா..."

"நீ பேசாதே. நீயும் கூட்டு."

வாசலுக்குப் போய்விட்டார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பல்லுக்காரம்மா எழுந்திருக்க முடியாது. ஒரு கை பாறைக்கு முட்டுக் கொடுத்திருந்தது, எடுத்தால் பாறை உருண்டு சுத்தியல் நசுங்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்:

"அண்ணி, இவன் அன்னைக்கு மிஞ்சினவன்."

நாத்தனார் நின்றார்.

"நீங்க கழுவின அன்னைக்கு. பின்னால மூலையில உங்களுக்குக் கை எட்டலைன்னு சொன்னீங்கல்ல. அங்க இருந்தான். ஒரே ஒரு தலை. அதுதான் இவ்வளவும்."

வெளியே படியில் யாரோ இறங்கிப் போகிற சத்தம் கேட்டு, ஓய்ந்தது. நாத்தனாரின் கை கதவு நிலையில் இருந்தது. விரல் தூசியைத் தேடவில்லை.

"ஒண்ணுகூட மிஞ்சலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே" என்றார். "இத்தனை ஞாயித்துக்கிழமை எதிரே உட்கார்ந்திருக்கேன். சொல்லலையே நீ."

"நீங்க அந்த நாளைப் பத்திப் பேசலை. நானும் எடுக்கலை."

நாத்தனார் செருப்பைக் கழற்றினார். வந்து, முழங்கால் சடக்கென்று சத்தம் போட, செய்தித்தாளின் மேல் உட்கார்ந்தார். பக்கெட்டை வைத்து, பாறைக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டுக் கணவர் டீ போடப் போனார். போகும்போது அடுப்படி விளக்கைப் போட மறந்து இருட்டிலேயே டப்பாக்களை உருட்டிக்கொண்டிருந்தார்.

"இதுவா?"

"இதுதான் அண்ணி."

"இதை ஆடுற பூன்னு நினைச்சேன். பிளாஸ்டிக்கோன்னுகூட ஒரு தடவை நினைச்சேன்." இன்னும் குனிந்தார். "எவ்வளவு ஏறியிருக்கு?"

"கழுத்து வரைக்கும். மத்ததெல்லாம் எடுத்துட்டேன். இந்தக் கழுத்துதான் பாக்கி. பயந்து பயந்து கடைசியா வச்சேன்."

கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, கொக்கியை எடுத்துக்கொண்டு பல்லுக்காரம்மா கழுத்துக்கு வந்தார். சதைக்கும் தோலுக்கும் நடுவில் நகத்தின் கனம்கூட இடைவெளி இல்லை. ஒரு நெம்பு. தோல் கொஞ்சம் நகர்ந்தது. இரண்டாவது நெம்பில் கட்டைவிரல் மடங்கி, மடங்கிய வாக்கில் பூட்டிக்கொண்டது. நாளெல்லாம் பல் ராவுகிறவர்களுக்கு வருவது. வந்தால் சொன்ன பேச்சுக் கேட்காது. இடது கையால் அதை இழுத்து நிமிர்த்தினார். டக்கென்று நிமிர்ந்தது. மறுபடி கொக்கியைப் பிடித்தார். மறுபடி பூட்டிக்கொண்டது. கொக்கியின் நுனி சதையை உரசி நழுவ, பக்கத்துத் தலை சட்டென்று சுருங்கியது.

"தம்பியைக் கூப்பிடு" என்றார் நாத்தனார் பதறி.

"இவருக்குக் கிட்டத்துல கண்ணு தெரியாது. பேப்பரையே முழம் தள்ளிப் பிடிச்சுப் படிக்கிறவரு. இந்தக் கண்ணாடியை மாட்டினா தலை சுத்துதுன்னுவாரு."

"அப்போ நாளைக்குப் பண்ணு. விரலுக்கு எண்ணெய் போட்டு..."

"இனிமே இதைத் திருப்பி உள்ள வச்சு, திருப்பி வெளியில எடுத்தா இவன் தாங்கமாட்டான் அண்ணி."

நாத்தனார் சுத்தியலையே பார்த்தார். பல்லுக்காரம்மா ஒரு கணம் அவர் கைகளைப் பார்த்தார். மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக, அழுத்தி வைத்திருந்த கைகள். பிறகு தன் கையுறையை உருவி, உதறி, அந்த மடியில் போட்டார்.

"வேண்டாம்மா. எனக்குப் பழக்கமில்லை. என் கைபட்டு இதுவும் போச்சுன்னா, அப்புறம் நான்..."

பல்லுக்காரம்மா தன் கண்ணாடியைக் கழற்றி, நாத்தனாரின் தலையில் மாட்டி, பின்பக்கப் பட்டையை இழுத்து இறுக்கினார். ஒதுங்கிய ஒரு முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினார். கொக்கியைத் திருப்பி, பிடி அவர் பக்கம் வரும்படி நீட்டி, விரல்கள் மூடும்வரை காத்திருந்தார். பிறகு இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு, பாறையை மெதுவாகச் சுழற்றி, சுத்தியலின் கழுத்து நாத்தனாருக்கு நேரே வந்ததும் நிறுத்தி, அசையாமல் பிடித்துக்கொண்டார்.